வாட்டர்லூ சண்டை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

1815 ஜூன் 18 அன்று பெல்ஜியத்தில் வெலிங்டன் தலைமையிலான பிரிட்டிஷ் கூட்டுப் படையிடமும், ப்ளூஹர் தலைமையிலான பிரஷ்ய (ஜெர்மானிய அரசு) படையிடமும் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் தோற்ற சண்டையைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, எதிரி சுடும்போது நெஞ்சைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்களே, புத்தி வேண்டாமா?

புத்தியோடுதான் நின்றார்கள் தம்பி. மஸ்கெட் என்ற அந்தக் காலத் துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும், குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது, ஆகவே நூறு கஜத்துக்கு அப்பால் அது யார் மேல் படும் என்று சுட்டவனுக்கே தெரியாது. தோளோடு தோள் நின்று மொத்தமாகச் சுட்டால்தான் ஏதாவது விழும். தோட்டா என்பது வெடிமருந்தும் குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலம். அதைப் பல்லால் கிழித்து, கொஞ்சம் மருந்தை விசைக்குப் பக்கத்துக் கிண்ணியில் போட்டு, மீதியையும் குண்டையும் குழலுக்குள் தள்ளி, கம்பியால் இடித்து, அப்புறம்தான் சுட முடியும். கைதேர்ந்தவன் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். மருந்தில் உள்ள வெடியுப்பு நாக்கில் பட்டுப் பட்டுத் தாகம் உயிரை வாங்கும். பிரிட்டிஷாருக்கு அந்த வெடியுப்பு பெரும்பாலும் வங்காளம், பீகார் பக்கமிருந்துதான் போனது. அப்புறம் இன்னொன்று, சிதறி நின்றால் குதிரைப்படை வந்து வெட்டிப் போட்டுவிடும்.

மழை பெய்யாமல் இருந்திருந்தால் நெப்போலியன் ஜெயித்திருப்பார் என்கிறார்களே?

முதல் நாள் ராத்திரி கொட்டித் தீர்த்தது உண்மை. பீரங்கியின் இரும்புக் குண்டு தரையில் பட்டுத் துள்ளிப் போனால்தான் பல பேரைச் சாய்க்கும், சேற்றில் புதைந்தால் வீண். தரை காயட்டும் என்று காத்திருந்ததில் சண்டை தொடங்கவே ஏறக்குறைய 11.30 ஆகிவிட்டது. ஆனால் வாவ்ர் என்ற ஊரிலிருந்து வந்த பிரஷ்யர்களும் அதே சேற்றில்தான் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மழை ஒரு பக்கத்துக்கு மட்டும் பெய்யவில்லையே!

சதுரமாக நின்று குதிரைப்படையைத் தடுத்தது எப்படி?

நாலு பக்கமும் ஆட்கள், துப்பாக்கி முனையில் கத்தி, முன்வரிசை மண்டியிட்டு அதை நீட்டிப் பிடிக்கும். குதிரை அந்தக் கத்தி வேலிக்குள் பாயாது, சுற்றிச் சுற்றித்தான் போகும். மாலை நாலு மணிக்கு மேல் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் நே ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களைத் திரும்பத் திரும்ப ஏவினார், கூடவே போதிய காலாட்படை இல்லாமல். பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்கள் சதுரத்துக்குள் ஓடி ஒளிந்து, குதிரைகள் திரும்பியதும் வெளியே வந்து மறுபடி சுட்டார்கள். அந்தப் பீரங்கிகளில் மருந்துக்குத் தீ வைக்கும் பற்றுத்துளையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆணி அடித்திருந்தாலே அவை ஊமையாகியிருக்கும். நேயின் வீரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, அன்றைய நிதானத்தில்தான்.

பண்ணை வீடுகளுக்காக அவ்வளவு உயிர்ப்பலியா?

ஆமாம். வெலிங்டன் படைவரிசையின் மேற்கே இருந்த உகூமோன் பண்ணையின் வடக்குக் கதவைப் பிரெஞ்சுக்காரர்கள் கோடாரியால் உடைத்து உள்ளே வந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் லெப்டினன்ட் கர்னல் மக்டொனெலும் சில வீரர்களும் தோள் கொடுத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினார்கள். உள்ளே மாட்டியவர்கள் கதை முடிந்தது. நடுவில் இருந்த லா ஏ சாந்த் பண்ணைதான் எனக்கு அதிகம் வலிப்பது. அதைக் காத்தவர்கள் மேஜர் பாரிங் தலைமையில் வெலிங்டன் பக்கம் நின்ற சுமார் 400 ஜெர்மானியர்கள், கையில் பேக்கர் ரைபிள், அதாவது குழலுக்குள் வரி வெட்டிய துப்பாக்கி. தோட்டா தீருகிறது என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். உதவிக்கு ஆட்கள் வந்தார்கள், தோட்டா வரவில்லை. மாலை ஆறு மணி வாக்கில் பண்ணை கைமாறியபோது அவருடன் மிஞ்சியது 42 பேர்.

உண்மையில் ஜெயித்தது வெலிங்டனா, பிரஷ்யர்களா?

இரண்டு பேரும். ப்ளூஹர் வருவதாக வாக்குக் கொடுத்ததால்தான் வெலிங்டன் அங்கே நின்றார், ஆகவே 'தற்செயலாக வந்து காப்பாற்றினார்கள்' என்ற பேச்சே தப்பு. வெலிங்டன் படையில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்குதான். ப்ளூஹருக்கு வயது 72, இரண்டு நாள் முன்பு லிக்னி சண்டையில் குதிரைக்கு அடியில் சிக்கியவர். பிளான்சன்வா கிராமத்தில் பிரஷ்யர்கள் கொடுத்த அடியில், வெலிங்டன் மேல் போக வேண்டிய, தன் தேர்ந்த வீரர்களான காவற்படையில் ஒரு பகுதியை நெப்போலியன் அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. பிரஷ்யர்களை விரட்டப் போன பிரெஞ்சு மார்ஷல் குரூஷி அப்போது சுமார் 33,000 பேருடன் வாவ்ரில் நின்றுகொண்டிருந்தார்.

வெலிங்டன் நம் ஊர்ப் பக்கம் இருந்தவராமே சார்?

ஆமாம், 1799இல் திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தார், 1803இல் அசாயியில் மராத்தியரை வென்றார்.

செத்தவர்களின் பல்லைப் பிடுங்கி விற்றது நிஜமா?

நிஜம். செயற்கைப் பல்வரிசை செய்ய அப்போது நிஜப் பல் வேண்டும், இளம் சிப்பாய்களின் பல்லுக்கு நல்ல விலை. 'வாட்டர்லூ பல்' என்றே பெயர் நின்றுவிட்டது.