வாசனை பிடித்து வந்தனவா?

கேள்வி: உயரமான கண்ணாடிக் குடுவையில் அக்கார்ட்டியா என்ற வகைக் கோபிபாடுகளை (நீரில் மிதந்து வாழும், இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்) விட்டு, நடுவே ஒரு பட்டையாக நிற்கும்படி டயட்டம் பாசியைச் செலுத்தினேன். சற்று நேரத்தில் பாதிக்கு மேல் அந்தப் பட்டைக்குள் கூடிவிட்டன. தொலைவிலிருந்தே வாசனை பிடித்து வந்தனவா?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. 1 மி.மீ. அளவுள்ள இவற்றின் உணர்கொம்புகளுக்கு எட்டும் தூரம் ஏறக்குறைய உடல் நீளம்தான். உணவில்லாத நீரில் நேராக நீண்ட தூரம் நீந்தும். உணவு தட்டுப்பட்டதும் வேகம் குறையும், அடிக்கடி திரும்பும். போனவை வெளியே வரத் தாமதமாவதாலேயே கூட்டம் சேர்ந்துவிடும்.

ஆனால் உங்கள் குடுவையில் ஒரு சிக்கல் உண்டு. பட்டை கலையாமல் நின்றது என்றாலே மேல் நீருக்கும் கீழ் நீருக்கும் அடர்த்தி வேறு. உப்பில் லிட்டருக்கு 1 கிராம் வேறுபட்டாலும் அடுக்கு உண்டாகும்; அந்த எல்லையில் கோபிபாடுகள் உணவே இல்லாமலும் தயங்கி நிற்கும். எனவே இன்னொரு குடுவையில் பாசி வளர்த்த நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அதே உப்பளவில் அதேபோல் செலுத்துங்கள். அங்கும் கூடினால் காரணம் பாசி அணுக்கள் அல்ல. அடர்த்தியோ, நீரில் கரைந்த பொருளோதான்.

வெளிச்சமும் ஏமாற்றும். சாதாரண விளக்கு வைத்தால் வெளிச்சத்துக்காகவே வந்து மொய்க்கும். இருட்டறையில் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. போட்டு, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி நீக்கிய கேமராவில் நொடிக்கு 25 முதல் 30 படங்கள் எடுத்தால் போதும். (தப்பிக்கும் துள்ளலைப் பிடிக்க நொடிக்குச் சில நூறு படங்கள் வேண்டும், அது வேறு வேலை.) சுவரை ஒட்டி 1 செ.மீ.க்குள் நீந்துபவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுவரில் மோதித் திரும்புவதும் உணவுக்காகத் திரும்புவதும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

சோதனைக்கு முன் 12 மணி நேரம் பட்டினி போடுங்கள். அதிகம் நீட்டினால் சோர்ந்து அடியில் தங்கிவிடும். அக்கார்ட்டியாவுக்குக் கொழுப்புச் சேமிப்பு மிகக் குறைவு.

கேள்வி: ஒய்தோனா என்ற இன்னொரு வகைக் கோபிபாடுக்கு உணவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீச்சலில் மாற்றமே தெரியவில்லையே?

பதில்: அது பதுங்கியிருந்து பிடிப்பது. அசையாமல் மெல்ல அமிழ்ந்தபடி, அருகே நீந்தி வரும் இரையின் அதிர்வை உணர்ந்து பாயும். நகராத டயட்டத்துக்குப் பதில் நீந்தும் சிலியேட்டுகளை (நுண்மயிர்களால் நீந்தும் ஒற்றைச்செல் உயிர்கள்) கொடுத்து, பாய்ச்சல்களை எண்ணுங்கள். ஓயாமல் சுற்றுபவை பெண் தேடும் ஆண்களாக இருக்கலாம், தனியே பிரித்துவிடுங்கள்.