இயற்பியல் படிக்கட்டும் அம்மா, கணக்குப் போட்டுப் படிக்கட்டும்

அன்புள்ள அம்மா,

"இத்தனை வருஷமாகத் தேடியும் கிடைக்காத துகளுக்காக என் பெண் ஏன் பத்து வருஷம் படிக்கணும்?" என்று கேட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் ஒன்றரை ஏக்கர் தேயிலையை நம்பி மகளைப் பிளஸ் டூ வரை கொண்டுவந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

அவள் சொல்லும் சூப்பர்சிமெட்ரி என்ன என்று முதலில் பார்ப்போம். நாம் அறிந்த ஒவ்வொரு அடிப்படைத் துகளுக்கும் இன்னும் கண்ணில் படாத ஒரு ஜோடி உண்டு என்பது அந்தக் கொள்கை. எலக்ட்ரானுக்கு ஜோடி செலக்ட்ரான். ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் வளையத்துக்குள் புரோட்டான்களை மோதவிட்டுத் தேடுகிறார்கள்.

தேடும் விதம் உங்களுக்கு எளிதில் புரியும். காலையில் பறித்த கொழுந்து ஒரு எடை, மாலையில் சீட்டில் ஏறியது அதைவிடக் குறைவு என்றால், நடுவில் எங்கோ போயிருக்கிறது என்று சொல்வீர்கள் அல்லவா? மோதலுக்கு முன் பக்கவாட்டு உந்தம், அதாவது பக்கவாட்டு ஓட்டத்தின் வேகமும் எடையும் சேர்ந்த அளவு, பூஜ்யம். மோதிய பிறகும் எல்லாம் சேர்த்தால் பூஜ்யம் வர வேண்டும். கணக்கு இடித்தால், கருவிக்குத் தெரியாமல் ஏதோ வெளியேறியிருக்கிறது. அது பெரும்பாலும் எதிலும் சிக்காமல் நழுவும் நியூட்ரினோ என்ற சாதாரணத் துகள். அதையெல்லாம் பொறுமையாகக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் புதுத் துகள் பற்றிப் பேச முடியும். 2012-இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது; சூப்பர்சிமெட்ரி ஜோடி ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. குளுயினோ என்ற ஜோடி, வழக்கமான மாதிரிகளின்படி, புரோட்டானைப் போல சுமார் 2,000 மடங்கு எடை வரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போ உழைப்பு வீணா? உங்கள் பக்கத்து ஊட்டியிலேயே பதில் இருக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ஒரு காலத்தில் புரோட்டான் தானாகவே உடைகிறதா என்று தேடினார்கள். 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்களை அடுக்கிக் காத்திருந்தார்கள். அப்படி உடைவது உறுதிப்படவில்லை. அந்தக் குழாய்கள் ஊட்டியில் டாட்டா ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, வானிலிருந்து இறங்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணத் தொடங்கின. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் வந்த இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அந்த மியூவான் கணக்கை வைத்தே சொன்னார்கள்; 2019-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரு தேடலுக்காகச் செய்த கருவியும் பழகிய கையும் அடுத்த தேடலுக்கு வந்து சேர்ந்தன. உங்கள் மகளின் படிப்பையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

சரி, சோற்றுக்கு வழி? உண்மையைச் சொல்கிறேன். துகள் இயற்பியலில் நிரந்தர ஆய்வு வேலை மிகக் குறைவு. முனைவர் பட்டம் முடிக்கப் பத்து வருஷம் ஆகும் என்று நீங்கள் போட்ட கணக்கு சரிதான். ஆனால் தேசிய அளவில் தேர்வெழுதி ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உண்டு. கடைசி ஐந்து வருஷம் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. அந்தக் கழித்துப் பார்க்கும் வேலைக்காக அவள் கற்கும் பைத்தான், சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழிகள், புள்ளியியல் எல்லாம் வங்கிக்கும் மருத்துவத் தரவுக்கும் அப்படியே வேண்டியவை. இணைய வலையே 1989-இல் அந்த செர்னில் தோன்றியதுதான்.

அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்க வேண்டுமோ என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிந்தது. 1995 முதல் நடப்பில் இருக்கும் உலக சேவை வர்த்தக ஒப்பந்தம், சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. ஒன்றில் ஆளே போக வேண்டும். அங்கே விசா குறுக்கே நிற்கும். இன்னொன்றில் ஆள் இங்கே இருக்க, வேலை மட்டும் கம்பி வழியாகப் போகும். தரவுப் பகுப்பாய்வு இப்படிக் கம்பி வழியாக நன்றாக நடக்கிறது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டே லண்டன் நிறுவனத்துக்கு வேலை செய்யலாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள், பக்கத்தில் திருவனந்தபுரம், திருப்பதி இருக்கின்றன. கிடைக்காவிட்டால் ஊட்டி அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் சேர்ந்து, மூன்றாம் வருஷம் ஐஐடி போன்ற இடங்களில் எம்எஸ்சி சேர்வதற்கான ஜாம் தேர்வு எழுதட்டும். அந்த மூன்று வருஷத்தில் கணக்கில் அவளுக்குப் பசி தீரவில்லை என்றால் மேலே போகட்டும். தீர்ந்துவிட்டது என்றால் அங்கேயே தரவுப் பக்கம் திரும்பலாம். அப்புறம், அவளுடைய பதினொன்றாம் வகுப்புக் கணித விடைத்தாள்களை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைவிட அவள் எங்கே தப்பு செய்கிறாள் என்று பார்க்க விரும்புகிறேன்.