பழைய மீட்டரும் பழைய ஸ்கோப்பும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய இரும்புக் கடையில் டெக்ட்ரானிக்ஸ் 465 ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) ஒன்று எடை போட்டு வாங்கினேன். பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா? (அம்மாப்பேட்டை)

பதில்: கை பரபரக்கும், தெரியும். பொறுங்கள். 1972-ல் வெளிவந்த அமெரிக்கக் கருவி அது. அதன் வோல்ட் தேர்வு சுவிட்ச் 115 வோல்ட்டில் இருந்தால், நம் 230 வோல்ட்டைக் கொடுத்த மறுகணம் புகைதான். இளமையில் ஒரு சிக்னல் ஜெனரேட்டரை அப்படித்தான் கொளுத்தினேன். அந்த நாற்றம் வீட்டில் இரண்டு நாள் இருந்தது.

சுவிட்சைச் சரிபார்த்த பின், 200 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுங்கள். எல்இடி உதவாது. பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். இந்த ஸ்கோப்பில் பெரும்பாலும் மாட்டுவது டான்டலம் கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகம். அது ஷார்ட் ஆனால் ஒரு மின்வழங்கல் தடமே படுத்துவிடும். அணைத்த நிலையில் ஒவ்வொரு தடத்துக்கும் கிரவுண்டுக்கும் (கருவியின் பொது இணைப்பு) இடையே மின்தடையை ஓமில் அளந்தால் எந்தத் தடம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எல்லா கெப்பாசிட்டரையும் மொத்தமாக மாற்றிவிட்டால் வேலை சுலபம்தானே? (ஓமலூர்)

பதில்: இல்லை. இருந்த ஒரு பழுதோடு நீங்கள் வைக்கும் இரண்டு புதுப் பழுதும் சேரும். அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்து ஏவோ மீட்டர் 8-ல் (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் முள் மீட்டர்) முள் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தட்டினால் நகர்கிறது. (சேலம்)

பதில்: உங்கள் தொழிலே விடை சொல்கிறது. மீட்டருக்குள் இருப்பது பலமான காந்தம். பட்டறைக் காற்றில் பறக்கும் இரும்புத் தூளை அது இழுத்து, சுருள் ஆடும் மயிரிழை இடைவெளியில் சேர்த்துக்கொள்ளும். கண்ணாடியைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்தால், துருவத்தின் ஓரத்தில் மீசைபோல் சிலிர்த்து நிற்பது தெரியும். வாயால் ஊதாதீர்கள், தூள் இன்னும் உள்ளே போகும், எச்சிலும் தெறிக்கும். இரும்பு இடுக்கியையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், காந்தம் வெடுக்கென்று இழுத்துச் சுருளைக் கிழித்துவிடும். ஒட்டு நாடாவை மெல்லிய கீற்றாக வெட்டி, மூங்கில் குச்சி நுனியில் சுற்றி, மெல்ல ஒற்றி எடுங்கள். ஒரு மாலை முழுக்கப் போகலாம். இந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்யுங்கள், பட்டறையில் வேண்டாம்.

உயர் ஓம் வரிசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், 15 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். வோல்ட் அளக்க பேட்டரியே தேவையில்லை.

கேள்வி: ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் அளப்பது எளிது என்கிறார் நண்பர். (ஆத்தூர்)

பதில்: நண்பரின் ஸ்கோப்பில் அவரே செய்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு அதன் உலோக உடலை யாரும் தொட வேண்டாம்.

கேள்வி: மழைக்காலத்தில் ஸ்கோப்பின் சுவிட்சைத் திருப்பினால் திரையில் கோடு குதிக்கிறது. அரை மணி சூடானதும் அடங்கிவிடுகிறது. (ஏற்காடு)

பதில்: உங்கள் ஊர் மூடுபனி அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. சுவிட்ச் தொடுமுனைகளில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் துளி விட்டு இருபது முறை திருப்புங்கள். உப்புத்தாள் போட்டால் முலாம் போய்விடும். நன்றாக உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். மற்ற நாட்களில் கருவியை மூடிய அலமாரியில், அடித்தட்டில் 15 வாட் குண்டு பல்பு எரியும்படி வையுங்கள். துணியோ காகிதமோ பல்பை ஒட்டி இருக்கக் கூடாது. அந்துருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். சில பிளாஸ்டிக் பாகங்களை அது இளக்கிவிடும்.