பதினொரு மணிக்கு மேல் பனியை நம்பாதீர்கள்

போன இதழில், கனடாவின் லாப்ரடோர் பக்கம் ஸ்னோமொபைல் பட்டறையில் சில குளிர்காலங்கள் வேலை பார்த்ததைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். மீன் விலையையும் இன்ஜின் ஆயிலையும் கேட்டு எழுதுகிறவர்கள் எல்லாம் இந்த முறை பனியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். மண்டபம் ஊர் வெயிலில் உட்கார்ந்து பனியைப் பற்றி எழுதுவதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஸ்னோமொபைலைப் பார்த்திராதவர்களுக்கு: முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சக்கரத்துக்குப் பதில் சுழலும் அகலமான ரப்பர் பட்டை, நடுவே பெட்ரோல் இன்ஜின், அதன் பின்னே மோட்டார் சைக்கிள் சீட். எடை 200 கிலோவுக்கு மேல்.

என் மாப்பிள்ளை மாண்ட்ரியலில் வேலை பார்க்கிறார். ஏப்ரல் முதல் வாரம் நண்பர்களோடு லாப்ரடோர் போய், ஐந்து நாள் பனிவண்டியில் ஊர் ஊராகப் போகப் போகிறாராம். பனி உருகுகிற காலத்தில் இது தேவையா? மகள் போனில் அழுகிறாள்.
— ஒரு தாய், கீழக்கரை

லாத்தா, மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" சாப்பிட்டுவிட்டு ஒன்பது, பத்துக்கு என்று பதில் வந்தால் அப்போது அழலாம்.

ஏப்ரலில் போவது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஜனவரியில் அங்கே மைனஸ் 30 சாதாரணம், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். லாப்ரடோரின் கூஸ் பே வட்டாரத்தில் ஒரு வருடத்துக்கு நான்கு மீட்டருக்கு மேல் பனி கொட்டுகிறது. மார்ச் கடைசிவரை அது சேர்ந்துகொண்டேதான் போகும். அதனால் ஏப்ரல் தொடக்கத்தில் பனி குறைவாக இருக்காது, ஆழமாகவே இருக்கும். பகலும் நீளம். உள்ளூர்க்காரர்களே குடும்பத்தோடு வெளியே கிளம்புகிற காலம் அது.

சிக்கல் ஒரு நாளுக்குள் நடக்கிற மாற்றத்தில் இருக்கிறது. பகல் வெயிலில் மேல்பனி ஈரமாகி, இரவுக் குளிரில் இறுகிப் பொருக்காகிவிடும். விடிகாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பொருக்கின் மேல் நீங்கள் நடந்தே போகலாம், செருப்புத் தடம்கூட விழாது. வண்டி பறக்கும். பத்தரை, பதினொன்றுக்குப் பொருக்கு இளகத் தொடங்கும். ஒரு மணிக்கு அதே இடத்தில் காலை வைத்தால் இடுப்புவரை இறங்கும். பொருக்குக்கு அடியில் இருப்பது குளிர்காலம் முழுக்கக் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் போன உதிரிப் பனி. அதில் விழுந்த வண்டியின் பட்டை சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் இருட்டோடு எழுந்து, வெளிச்சம் வந்ததும் ஓட ஆரம்பித்து, நண்பகலுக்கு முன் அடுத்த ஊருக்கோ வழியில் இருக்கிற மரக் குடிசைக்கோ போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பிற்பகலில் விறகடுப்பில் கையுறை காய வைப்பது, வண்டியின் பெல்ட்டைப் பார்ப்பது, தூங்குவது. இரவு மேகம் மூடியிருந்தால் பொருக்கு சரியாக இறுகாது. அன்றைக்குக் கிளம்பாமல் இருந்துவிடுவதுதான் நல்லது. விடுமுறை முடிகிறதே என்று பார்க்கிறவன்தான் மாட்டுவான். மாப்பிள்ளையின் திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா இருக்கும் நாளாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அண்ணே, பைபர் படகு இன்ஜின் பார்க்கிறவன் நான். அந்த வண்டி இன்ஜினும் நம்ம அவுட்போர்டும் ஒண்ணுதானா? தடைக்காலத்தில் அங்கே போய் ரெண்டு மாசம் வேலை பார்க்க முடியுமா?
— ஆர்.ஜே., தங்கச்சிமடம்

தம்பி, இன்ஜினைத் திறந்தால் உனக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. இன்றும் பாதிக்கு மேல் டூ ஸ்ட்ரோக்தான். 600, 850 சிசி. ஆயில் தனி டாங்கியில் இருந்து தானே கலந்துகொள்ளும். நீண்ட பயணத்துக்கென்றே வரும் கனமான வண்டிகளில் ஃபோர் ஸ்ட்ரோக் உண்டு.

வித்தியாசம் இரண்டு இடத்தில். முதலாவது கியர். கியர்பாக்ஸுக்குப் பதில் இரண்டு கப்பி, நடுவே அகலமான ரப்பர் பெல்ட். இன்ஜின் வேகம் ஏற ஏற முன்கப்பி பெல்ட்டை நெருக்கிப் பிடித்து விகிதத்தை மாற்றும். ஸ்கூட்டியில் இருப்பதன் பெரிய அண்ணன். ஆழப் பனியில் முக்கி முக்கி ஓட்டினால் பெல்ட் சூடாகி வழுக்கும், கடைசியில் வெடிக்கும். புது பெல்ட் மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அறுந்த பெல்ட்டின் நூல் கப்பிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு இழை விடாமல் பிடுங்கி எடுக்காமல் மாட்டினால் புதுசும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். மைனஸில், கையுறையைக் கழற்றிவிட்டு, கப்பி இடுக்கில் கறுப்பு நூலை நோண்டி எடுக்கிற வேலை இருக்கிறதே, அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, குளிர்விப்பு. அவுட்போர்டு கடல்தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும். பின்னால் பீச்சுகிறதா என்று பார்த்தால் போதும். ஸ்னோமொபைலில் கூலன்ட், சீட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டுக் குழாய் வழியாக ஓடும். சுழலும் பட்டை வாரியடிக்கிற பனிதான் அந்தத் தகட்டைக் குளிர வைக்கும். ஆழப் பனியில் இந்தக் கவலையே கிடையாது. ஏப்ரல் காலையில் கல்லாக இறுகின பொருக்கின் மேல் ஓடும்போது தூளே பறக்காது. சுற்றிலும் பனி இருந்தும் இன்ஜின் கொதிக்கும்! பட்டைக்கு உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் சறுக்குத் தண்டும் பனி ஈரம் இல்லாமல் உருகித் தேயும். இதற்காகவே பனியைக் கீறித் தூளாக்கி உள்ளே அனுப்புகிற கம்பிச் சுருளை மாட்டிக்கொள்வார்கள். அதுவும் போதாவிட்டால் ஓரத்தில் இருக்கிற இளகின பனிக்குள் வண்டியை இறக்கிச் சற்று ஓட்டி, மறுபடி ஏறுவது.

வேலை விஷயம்: நமக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே ஸ்னோமொபைல் பட்டறை ஓய்கிற நேரம் அது. ஆனால் அதே மெக்கானிக்குகள் உடனே ஷெட்டிலிருந்து அவுட்போர்டுகளை வெளியே எடுப்பார்கள், அதுவும் மீன்பிடிக்கிற கரைதானே. இரண்டு மாத வேலை என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. வேலை அனுமதி இல்லாமல் அங்கே ஸ்பேனரைத் தொட முடியாது. தவிர, தடைக்காலத்தில்தான் இங்கே விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்துக்கு நிற்கிறது. அந்த வருமானத்தை விட்டுவிட்டு எங்கே போகிறாய்?

ஆழமான பனியில் வண்டி புதைந்துவிட்டால் எப்படி எடுப்பார்கள்? ஜேசிபியா வரும்?
— கே.பி., உச்சிப்புளி

மண்வெட்டிதான் வரும்.

புதைந்தது தெரிந்த உடனே ஆக்சிலேட்டரை விட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இன்னும் முறுக்குவார்கள். ஒவ்வொரு முறுக்குக்கும் பின்பக்கம் ஒரு அடி கீழே போகும். இறங்கி, முதலில் வண்டிக்கு முன்னால் இருக்கிற பனியை மிதித்து ஒரு பாதை போட வேண்டும். அப்புறம் பட்டைக்குப் பக்கத்திலும், இன்ஜின் வயிற்றுக்கு அடியிலும் தோண்ட வேண்டும். வயிறு பனியில் உட்கார்ந்திருக்கும்வரை பட்டைக்குப் பிடி கிடைக்காது. பிறகு சறுக்குக் கட்டையைப் பிடித்து இழுத்து, மூக்கை இறக்கத்தின் பக்கம் திருப்ப வேண்டும். மிதித்த பனியைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் இறுகும். அந்த இடைவெளியில் டீ குடிக்கலாம். ஒருவர் முன்னால் இழுக்க, ஒருவர் பக்கத்தில் நின்றபடியே மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறிவிடும். ஏறினதும் நிறுத்தக் கூடாது, கெட்டியான இடம்வரை போய்த்தான் நிற்க வேண்டும். பின்னால் ஆள் நிற்கவே கூடாது.

இதில் குளிரைவிட வியர்வைதான் எதிரி. தோண்டுகிறவன் உள்ளே நனைந்துவிடுவான். பருத்திச் சட்டை ஈரத்தைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் உள்ளே கம்பளி நூல் உடுப்பு, தோண்டும் முன் மேல் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுவது. அடுத்தது பெட்ரோல். டாங்கி சுமார் 40 லிட்டர் பிடிக்கும். ஓட்டித் தட்டையாக்கின பாதையில் ஓடுகிற தூரத்தில் பாதியைத்தான் ஆழப் பனியில் எதிர்பார்க்க வேண்டும். முன்னால் போய்ப் பாதை உடைக்கிற வண்டிக்கு இன்னும் அதிகம் செலவாகும், அதனால் முறை வைத்து மாறிக்கொள்வார்கள்.

மிச்ச பெட்ரோல், கூடாரம், உணவு எல்லாம் பின்னால் இழுக்கிற மரச் சறுக்கு வண்டியில். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான இனுய்ட் மக்கள் அதைக் கோமாட்டிக் என்பார்கள். குறுக்குப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால்தான் கட்டியிருப்பார்கள், நம்ம கட்டுமரம் மாதிரி. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முழு வண்டியும் நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்திருந்தால் பலகை பிளந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது, உட்கார்ந்து அந்த முடிச்சுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடல் உறைந்து அதன் மேலேயே வண்டி ஓட்டுவார்களாமே, உண்மையா?
— எம்.ஏ., தொண்டி

உண்மை. ரிகோலெட் என்ற ஊருக்குச் சாலையே கிடையாது. விமானம் எப்போதும் உண்டு; அதை விட்டால் கோடையில் கப்பல், குளிர்காலத்தில் ஸ்னோமொபைல். கூஸ் பேயிலிருந்து சுமார் 160 கி.மீ. பாதையில் காடும் வரும், உறைந்த நீரும் வரும்.

ஸ்னோமொபைலுக்குத் தெளிந்த நன்னீர் ஐஸ் ஐந்து அங்குலமாவது வேண்டும் என்பது பொது விதி. உப்புநீர் ஐஸ் அதைவிட வலு குறைந்தது. வசந்தகால ஐஸ் கனமாகத் தெரிந்தாலும் உள்ளே செங்குத்து ஊசிகளாகப் பிரிந்திருக்கும், அதற்கு அந்த விதி செல்லாது. பாம்பன் கால்வாயில் ஓட்டம் இழுக்கிறதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: குறுகலான வாயில் நீரோட்டம் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், அங்கே ஐஸ் மெல்லிசு.

இன்னொரு மோசடி உண்டு. ஏரி மேல் பனியின் பாரம் ஐஸை அழுத்த, வெடிப்பு வழியே தண்ணீர் மேலே வந்து பனிக்கு அடியில் நிற்கும். மேலே பனி போர்த்தியிருப்பதால் அது உறையாது. வெள்ளை வெளேரென்று தெரிகிற இடத்தில் திடீரென்று சாம்பல் நிறச் சகதி. அதில் நின்றால் போச்சு. வேகத்தை விடாமல், முன்னால் போனவன் தடத்தில் போகாமல், புதிய பனியில் விலகி ஓட வேண்டும். கரையேறினதும் பட்டையில் ஒட்டின சகதியைச் சுழற்றி உதறாவிட்டால் பத்து நிமிடத்தில் உறைந்து பூட்டிவிடும்.

இந்த வண்டியைக் கண்டுபிடித்தது யார்?
— 9ஆம் வகுப்பு மாணவி, இராமநாதபுரம்

பலர் முயன்றார்கள். பெயர் நிலைத்தது கியூபெக்கின் வால்கூர் ஊர் மெக்கானிக் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. பனி மூடின வழியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்துபோனது. 1937ல் ஏழு பேர் உட்காரும் பனிவண்டி செய்தார். ஒருவர், இருவர் ஓட்டும் சின்ன வண்டியான ஸ்கி-டூ 1959ல் வந்தது. அவர் இறந்தது 1964ல், நம் தனுஷ்கோடி புயலில் போன அதே வருடம். 1968 ஏப்ரலில் ரால்ஃப் பிளாஸ்டட் என்ற அமெரிக்கர் குழுவோடு ஸ்கி-டூவிலேயே வட துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவரும் ஏப்ரல்தான், கவனித்தீர்களா!

மாப்பிள்ளைக்கு என்ன கொடுத்துவிடலாம்? (மேலே எழுதிய அதே தாய்)

தொதல்தான், லாத்தா. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்தது. அந்தக் குளிரில் உடம்பு கேட்பது கொழுப்பும் இனிப்பும். ஆனால் முழுக் கட்டியாக அனுப்பாதீர்கள், பாறையாகிவிடும். விரல் அளவு துண்டாக வெட்டி, எண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றி, சட்டையின் உள் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி கண்டிப்பாக வேண்டும். ஏப்ரல் வெயில் பனியில் பட்டுத் திரும்பி ஒரே நாளில் கண்ணை அவித்துவிடும், மண்ணை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும்.

அவர் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி வாங்கியிருப்பார், வாங்கவும் வேண்டும். ஊருக்கு வரும்போது அதை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். நம்ம கடற்கரையில் கேட்கவே வேண்டாம்.

இந்தியாவில் ஸ்னோமொபைல் ஓட்ட முடியுமா?
— பி.எம்., ஏர்வாடி

காஷ்மீரில் குல்மார்க்கில் சவாரி உண்டு, பெரும்பாலும் ஓட்டுநரும் கூட வருவார். பல நாள் பயணம் என்று நினைத்துப் போகாதீர்கள். வாடகை பேசும் முன் எவ்வளவு தூரம், எங்கே திருப்புவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முதல் சவாரியாகப் போங்கள்.