ஸ்டெஃபி சிரிப்பாரா?

கேள்வி: தொண்ணூறுகளில் டிவியில் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃப் ஆட்டம் பார்த்தே வளர்ந்தவள் நான். களத்தில் சிரிக்கவே மாட்டாரே, நிஜத்திலும் அப்படித்தானா?

பதில்: சிரிக்க மட்டுமில்லை, சிரிக்க வைக்கவும் தெரியும்! 1996 விம்பிள்டன் அரையிறுதியில் சர்வீஸ் போடத் தயாராகும்போது, கூட்டத்திலிருந்து ஒருவர் "ஸ்டெஃபி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா?" என்று கத்த, "உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கு?" என்று திருப்பிக் கேட்டாரே, அரங்கமே குலுங்கியது. மற்றபடி ஆட்டத்தில் கறார்தான். 1988 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என்று அரை மணி நேரம் சொச்சத்தில் அனுப்பிவைத்தார், பாவம் அந்தப் பெண். அதே வருடம் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளிலும் பட்டம், சியோல் ஒலிம்பிக் தங்கமும்.

புயல் அடித்தது வீட்டுப் பக்கம். பயிற்சியோடு பணத்தையும் பார்த்துக்கொண்ட அப்பா பீட்டர், மகளின் வருமானத்துக்கு வரி ஏய்த்த வழக்கில் 1995-ல் கைதாகி, 1997-ல் தண்டனை பெற்றார். அந்தக் களேபரத்துக்கு நடுவே 1995-லும் 1996-லும் தலா மூன்று கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தாரே, எனக்கு 1988-ஐ விட அதுதான் பெரிசு. அப்புறம் 1999-ல் ஓய்வு, 2001-ல் டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாஸியோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், லாஸ் வேகாஸ் வாசம். பேட்டி என்றால் மட்டும் அன்றும் இன்றும் கூச்சம்தான்.