டிசம்பர் 29இல் பிறந்தவர் உதைபந்தாட்ட உலகக்கிண்ணத்தின் 17 வயதுப் பிரிவில் ஆடலாமா?

முடியாது. 2008 டிசம்பர் 29 என்றால் உங்கள் மகன் மூன்று நாளில் தவறவிட்டார். 2026 உலகக்கிண்ண 17 வயதுப் பிரிவுக்கு 2009 ஜனவரி 1இலோ அதற்குப் பின்போ பிறந்திருக்க வேண்டும். போட்டி நாளில் பதினேழுதானே என்ற கணக்கு அங்கே எடுபடாது.

யாழ்ப்பாணப் பாடசாலைப் போட்டிகளின் கணக்கோடு குழப்பிக்கொண்டீர்கள் போலும்.

பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதியையும் பதிவுத் திகதியையும் தனித்தனியே பாருங்கள். விண்ணப்பத்தில் இரண்டையும் மாற்றி எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன்.

திகதியைத் "திருத்தித் தருகிறோம்" என்று வருபவர்களைக் கிட்டவும் விடாதீர்கள். 2009 நைஜீரியப் போட்டியிலேயே பீபா (உலக உதைபந்தாட்டச் சம்மேளனம்) வீரர்களின் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது, எலும்பின் வளர்ச்சித் தட்டு முற்றாக மூடியிருந்தால் பதினேழைத் தாண்டியவர் என்று அகப்பட்டுவிடுவார்.

2027இன் 20 வயதுப் பிரிவுக்கு எல்லை 2007 ஜனவரி 1. அதற்கு வயது தாராளமாகப் பொருந்துகிறது.