கோபுரத்திலிருந்து குதிப்பதா, ஊரைப் பார்ப்பதா? ஜோஹானஸ்பர்க் வார இறுதிக் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது போல, இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: டர்பனிலிருந்து ரெண்டு நாள் ஜோஹானஸ்பர்க் போய், அதன் ஓரத்தில் கறுப்பின மக்கள் வாழும் சோவெட்டோவில் உயரமான கோபுரங்களிலிருந்து பஞ்சி ஜம்ப்பும் (காலில் ரப்பர் கயிறு கட்டிக் குதிப்பது) செய்து, ஊரையும் பார்த்துவிட்டு வருவது எப்படி? டர்பன் ஆட்களை வேனில் ஏற்றி அங்கே கூட்டிப்போவது என் பிழைப்பு, நானும் நாலு தடவை குதித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. காரில் போகலாமா, விமானமா? முதலில் எதைப் பார்ப்பது? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

என்3 சாலையில் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஆறு மணி நேரம் ஆகும், வான் ரீனன் மலைப்பாதையில் பனிமூட்டமும் லாரி வரிசையும் இருந்தால் அதற்கும் மேல். ஆறு பேர் சேர்ந்தால் கார் லாபம், ரெண்டு பேர் என்றால் வெள்ளிக்கிழமை சாயங்கால விமானத்தைப் பிடியுங்கள், ஒரு மணி நேரச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் என்ற வேக ரயில் சாண்ட்டன், ரோஸ்பேங்க் வரை சுகமாகப் போகும், ஆனால் சோவெட்டோவுக்கு அது போகாது, அங்கே வண்டி பிடித்தே ஆகணும்.

சனிக்கிழமை காலையில் முதல் வேலை குதிப்பதுதான். இதில் நான் பிடிவாதக்காரன். மனசில் குதிக்கப்போகும் பயத்தை வைத்துக்கொண்டு மியூசியத்துக்குள் நடப்பவரின் கண்ணில் எதுவும் பதியாது, மணியை மணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு காரணம் மழை. கோடையில், அதாவது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும், மின்னலோ பலத்த காற்றோ வந்தால் குதிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு டிசம்பரில் என் கூட்டத்தை, பிரியாணி சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம் என்று மூணு மணிக்குக் கூட்டிப்போனேன். ரெண்டு மணி நேரம் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று மழையைப் பார்த்ததுதான் மிச்சம். ஒரு அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார். எல்லா நாளும் திறந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள், டிக்கெட் போடும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

குதித்த பிறகு விலகாசி தெருவுக்கு வண்டியில் போய்விடலாம். மண்டேலா குடியிருந்த 8115-ஆம் எண் வீடு, அதே தெருவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் வீடு, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஹெக்டர் பீட்டர்சன் நினைவிடம். 1976 ஜூன் 16 அன்று மாணவர் போராட்டத்தில் போலீஸ் சுட்டபோது அந்தப் பையனுக்கு வயது 12. அப்பார்த்தைட் (நிறவெறி ஆட்சி) மியூசியத்தை அன்றைக்கே திணிக்க வேண்டாம், அதற்கு மட்டும் மூணு மணி நேரம் வேண்டும்.

அந்தக் கோபுரங்கள் என்ன, கோயில் கோபுரமா என்று பாட்டி கேட்கிறார். (டொங்காட்)

பாட்டிக்கு வணக்கம். கோயில் இல்லை, கரண்டு கம்பெனி! ஆர்லண்டோ அனல் மின்நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்கள், உயரம் சுமார் 100 மீட்டர். 1942-இல் மின்சாரம் தர ஆரம்பித்து 1998-இல் மூடினார்கள். கரிப்புகை முழுக்க சோவெட்டோவின் தலையில், கரண்டு ஜோஹானஸ்பர்க்குக்கு. பக்கத்திலேயே இருந்த வீடுகளில் பல வருஷம் மெழுகுவர்த்தியும் கரியடுப்பும்தான். குதிக்கிற அன்று இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது கோபுரத்தைச் சுற்றி சோவெட்டோ வாழ்க்கையைப் பெரிய ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். ரெண்டு கோபுரத்துக்கும் நடுவே உச்சியில் ஒரு பாலம், அதிலிருந்துதான் குதிப்பது.

கயிறு அறுந்துவிட்டால்? வீட்டுக்காரர் தினமும் ஒரு வீடியோ காட்டிப் பயமுறுத்துகிறார். (பீனிக்ஸ் வாசகி)

அவர் காட்டுவது 2011 டிசம்பர் 31 அன்று விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பாலத்தில் நடந்ததாக இருக்கும். அது உண்மைதான். கயிறு அறுந்து ஒரு பெண் ஜாம்பேசி ஆற்றில் விழுந்தார், கால் கட்டியபடியே நீந்திக் கரையேறிப் பிழைத்தார். ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரொம்பக் குறைவு, அவ்வளவுதான்.

கயிறு என்பது ஒரே கயிறு இல்லை, மெல்லிய ரப்பர் இழைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கட்டியது. உங்கள் எடைக்கு ஏற்றபடி கயிற்றை எடுப்பார்கள். அதனால்தான் எடையை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்து, புறங்கையில் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுகிறார்கள் (கல்யாண வயசுப் பெண்கள் இதற்குத்தான் அதிகம் அலறுகிறார்கள், குதிப்பதற்கு இல்லை). வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். கணுக்காலில் துண்டு மாதிரி மெத்தையைச் சுற்றி அதன்மேல் பட்டையை இறுக்குவார்கள், இடுப்புப் பட்டையில் இன்னொரு இணைப்பு தனியாக இருக்கும், ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். "ரெண்டாவது இணைப்பு எது?" என்று கேளுங்கள். பொறுமையாகத் தொட்டுக் காட்டுகிற இடத்தில் குதியுங்கள். எரிச்சல்பட்டால் காசு போனாலும் பரவாயில்லை, இறங்கி வந்துவிடுங்கள்.

கால் கட்டியிருப்பதால் பாலத்தின் விளிம்புவரை வாத்து மாதிரி தத்தித் தத்தித்தான் போகணும். எனக்கு அந்த நாலடிதான் பயம். விழுவது மூணு விநாடிச் சமாச்சாரம், கத்த ஆரம்பித்து முடிப்பதற்குள் கயிறு மேலே இழுத்துவிடும்.

வயது 56. பிரஷர், சுகர் ரெண்டும் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாடாக இருக்கிறது. குதிக்கலாமா அண்ணா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வேண்டாம் என்றுதான் சொல்வேன் தங்கச்சி. தலைகீழாகத் தொங்கும்போது ரத்தம் தலைக்கும் கண்ணுக்கும் ஏறும், பஞ்சி குதித்தவர்களுக்கு விழித்திரையில் ரத்தக் கசிவு வந்ததை மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சுகர்காரர்களின் விழித்திரை ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். நம் வீடுகளில் சுகர் இல்லாத குடும்பம் எது? அதனால் நாற்பது தாண்டிய எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். கர்ப்பிணிகள், முதுகு அல்லது கழுத்து ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் நீர் அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் யோசிக்கவே வேண்டாம். கட்டாயம் ஆசை என்றால் கண் டாக்டரிடமும் காட்டிக் கேளுங்கள். அப்புறம், கீழே நின்று வேடிக்கை பார்ப்பதும் நல்ல சுகம், நான் பொய் சொல்லவில்லை.

புரட்டாசி விரதத்தில் குதிக்கலாமா?

பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள்.

குதிப்பதென்றால் ப்ளௌக்ரன்ஸ் பாலம்தானே பெரிசு, சோவெட்டோ எதற்கு? (ஜோஹானஸ்பர்க்கில் வேலை பார்க்கும் சென்னைக்காரர்)

உயரம் மட்டும் போதுமென்றால் அதுதான், 216 மீட்டர், சோவெட்டோவைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது கார்டன் ரூட்டில், ப்ளெட்டன்பர்க் பே தாண்டிக் காட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து காரில் போனால் அது ரெண்டு நாளில் முடிகிற வேலை இல்லை. அங்கே குதித்து முடித்ததும் ஆள் ஒருவர் கீழே இறங்கி வந்து உங்களைப் பாலத்துக்குத் தூக்கிப்போவார், அதுவரை தலைகீழாகத் தொங்கணும். சோவெட்டோவில் பாலத்தில் நிற்கும்போது வீட்டுக் கூரைகள், பழைய சுரங்க மண்மேடுகள், துணி காயும் கொடிகள் எல்லாம் தெரியும். ஊரை ஒரே பார்வையில் பார்க்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடம் இல்லை.

வள்ளியம்மை சமாதி ஜோஹானஸ்பர்க்கில்தான் இருக்கிறதாமே? (லெனேசியா வாசகி)

லெனேசியாவில் இருந்துகொண்டு இதை என்னைக் கேட்கிறீர்களே! ஆமாம், ப்ராம்ஃபொண்டெயின் மயானத்தில். பெயரில் தில்லையாடி இருந்தாலும் பிறந்தது ஜோஹானஸ்பர்க்கில். 1913-இல் ஒப்பந்தக் கூலியாக வந்த நம் மக்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரியையும் நம் கல்யாணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்துப் போன பெண்களோடு டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குப் போய், மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, விடுதலையாகிக் கொஞ்ச காலத்திலேயே 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அதே மயானத்தில் 1909-இல் சிறைக்கொடுமையால் இறந்த சத்தியாக்கிரகி நாகப்பனும் இருக்கிறார். ஞாயிறு காலையில் போங்கள், பக்கத்திலேயே கான்ஸ்டிடியூஷன் ஹில், காந்தியும் மண்டேலாவும் அடைபட்ட பழைய சிறை, அதையும் பார்த்துவிடலாம். பூ கொண்டுபோங்கள், கற்பூரம் வேண்டாம், குளிர்காலத்தில் அங்கே புல் காய்ந்து கிடக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சோவெட்டோவில் கோட்டா கேளுங்கள். கால் ரொட்டியைக் குடைந்து உருளைக்கிழங்குச் சிப்ஸும் மாங்காய் அச்சாரும் அடைத்தது, ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் நம்ம டர்பன் பன்னி சௌவுக்குப் பங்காளி. போலோனி (இறைச்சி வில்லை) வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சிப்ஸுக்கு அடியில் வைத்து மூடிவிடுவார்கள், பாதி தின்ற பிறகுதான் தெரியும்.